பிக்கப் வண்டியை உயர்த்தினால் அடியில் கல் இடிப்பது நிற்குமா?

கேள்வி: அஞ்செட்டி சாலையிலிருந்து எங்கள் மாந்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை முழுக்கக் கல். சரக்கு வாகனமாகப் பதிவான எங்கள் பிக்கப்பில் 215/75 ஆர்15 டயர் இருக்கிறது. அடியில் அடிக்கடி இடிக்கிறது. வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தி, 31 அங்குல டயர் மாட்டச் சொல்கிறார் ஒரு ஒர்க்‌ஷாப்காரர். ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று) இரண்டையும் தான் பார்த்துக்கொள்வதாக ஒரு புரோக்கர் உறுதி கூறுகிறார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, கல் உரசிய தடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃப்ரன்ஷியல் ஹவுசிங்கில் தடம் இருந்தால், வண்டியை உயர்த்துவதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அந்த ஹவுசிங் அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தின் மேல் நிற்கிறது. லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே எத்தனை அங்குலக் கட்டை வைத்தாலும் சேஸியும் பாடியும் மேலே போகுமே தவிர, ஹவுசிங் இருந்த உயரத்திலேயே இருக்கும். டயரின் விட்டம் கூடினால்தான் அது உயரும். அதுவும் கூடிய விட்டத்தில் பாதி அளவுக்குத்தான். மாறாக ஸ்டெப்னியிலோ சைலன்சரிலோ தடம் இருந்தால், பாரத்தில் பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகிவிட்டன என்று கொள்ளலாம். அதற்கு வேண்டியது பட்டை வேலை; புது டயர் அல்ல.

உங்கள் இப்போதைய டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். 31 அங்குல டயரின் விட்டம் 787. ஹவுசிங்குக்குக் கிடைக்கும் உயரம் 42 மில்லிமீட்டர். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலையை ஒர்க்‌ஷாப்காரர் சொல்லியிருக்க மாட்டார். சக்கரம் 12 சதவீதம் பெரிதாகும்போது, அதே கியரில் சாலையைத் தள்ளும் பலம் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. ஏற்றத்தில் கிளட்ச் தேய்கிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 67-இல் ஓடுகிறது. வண்டியை உயர்த்தியதையும் சேர்த்தால் மாங்காய் கிரேட்டுகள் நாலரை அங்குலத்துக்கு மேல் உயரே போய்விடுகின்றன. இந்த நிலையில் தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் லோடோடு இறங்குவதை எண்ணிப் பாருங்கள்: இரண்டாம் கியரில் போட்டாலும் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் பலம் முன்போல் இருக்காது, பிரேக்கோ அதே வேகத்தை அடக்கப் பழைய சக்கரத்துக்குச் செய்ததைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டும், வளைவில் சரக்கின் பாரம் மேலிருந்து சாய்க்கும். அந்த இறக்கத்தில் எத்தனை வண்டிகள் கவிழ்ந்திருக்கின்றன என்பது கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தாருக்குத் தெரியும்.

இனி அந்தப் புரோக்கர் விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சரக்கு வாகனமென்றால் டயரின் எண்ணிக்கை, அளவு, பிளை (டயரின் உள்ளடுக்கு மதிப்பு) ஆகியவையும் பதிவில் அடக்கம். 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். புரோக்கர் “பார்த்துக்கொள்கிறேன்” என்பதற்கு ஒரே பொருள்தான்: எஃப்.சி. நாளன்று பழைய அளவு டயரை வாடகைக்கு மாட்டிக் காட்டிவிட்டு, மாலையில் கழற்றிக்கொண்டு போவார். விபத்து நடந்தால் காப்பீட்டு சர்வேயர் பார்க்கப்போவது அன்று வண்டியில் இருக்கும் டயரை. அப்போது புரோக்கர் போனை எடுக்க மாட்டார். இந்த 52-ஆம் பிரிவை எளிய தமிழில் ஒரே ஒரு பக்கமாக அச்சிட்டு ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலிலும் ஒட்டினால், பாதிப் புரோக்கர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேடுவார்கள். விவசாயி நேராகச் சென்று கேட்டால் தெளிவாக ஒரு வரி எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்பதால்தான் அவன் வாசலில் நிற்பவரிடம் போகிறான். இது எனக்குப் பல ஆண்டுகளாக ஆறாத வருத்தம்.

ஒரே ஒரு விலக்கைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் வண்டியின் அதே மாடலுக்கு, அதே அச்சும் அதே கியர் விகிதமும் உள்ள வேறொரு வகையில், தயாரிப்பாளரே 235/75 ஆர்15 போன்ற சற்றுப் பெரிய அளவைக் கொடுத்திருந்தால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். “அதே மாடல்” என்றால் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. அச்சும் கியர் விகிதமும் மாறியிருந்தால் அது வேறு வண்டி. கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதைக் காட்டி ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். இவ்வளவும் செய்து கிடைப்பது 15 மில்லிமீட்டர் உயரம். டயரின் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ. அகலமான டயர் அதிகம் தாங்கும் என்ற நம்பிக்கை தவறு. காருக்கான அகல டயர், சரக்கு வண்டிக்கான குறுகிய டயரைவிடக் குறைவாகவே தாங்கக்கூடும்.

“கழற்றிய டயர், புதுசு மாதிரி” என்று விற்பவரிடம் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அந்த எண் சுரண்டப்பட்டிருந்தால் அங்கே நிற்கவே வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பட்டைகளையும் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் பார்த்து, தளர்ந்தவற்றை மாற்றுங்கள். கூடுதல் பட்டை சேர்த்தால் ஆர்.சி.யில் அனுமதித்துள்ள எடை கூடிவிடாது. அதை நம்பிக் கிரேட் அடுக்காதீர்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது அதே அளவில், கல் பாதைக்கேற்ற ஆழமான பட்டன் (டயரின் மேல்பரப்புக் கட்டிகள்) உள்ளதை வாங்குங்கள். லோடு ஏற்றும் நாளில் காற்றழுத்தத்தை அளந்து வையுங்கள், ஏனென்றால் நசுங்கிய டயர் ஹவுசிங்கையும் கீழே இறக்கிவிடும். பாதையில் ஹவுசிங்கை உரசும் கற்கள் பெரும்பாலும் நாலைந்து இடங்களில்தான் இருக்கும். பெங்களூரா மாங்காய் அறுவடைக்கு முன் ஒரு ஜே.சி.பி.யைச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்து அவற்றைப் பெயர்த்து, பள்ளத்தில் கிராவல் மண் நிரப்பிவிடுங்கள்.