மகரந்தக் காலம் வந்தாலே உடம்பு அசந்து போகிறது, எப்படிச் சமாளிப்பது?

டோக்கியோவில் நிஷிகசாயில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இங்கே பிப்ரவரி பாதியில் சுகி என்ற ஊசியிலை மரத்தின் மகரந்தம் பறக்க ஆரம்பிக்கும். அது ஓயும் நேரத்தில் ஹினோக்கி மரம் தொடங்கி மே வரை இழுத்துவிடும். போருக்குப் பிறகு வீடு கட்ட மரம் வேண்டுமென்று 1950, 60களில் மலை மலையாக நட்டு வைத்தவை. 2019-ல் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் எடுத்த கணக்கில், 38.8 சதவீதம் பேருக்கு இந்த சுகி ஒவ்வாமை இருந்தது. அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்களுடையது சோம்பல் இல்லை.

எனக்கு முதல் இரண்டு வருடம் ஒன்றும் இல்லை. மூன்றாவது வருட மார்ச்சில் தும்மலைவிட அசதிதான் பெரிதாக வந்தது. எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு ஒரே மெயிலை மூன்று தடவை படிப்பேன். அம்மா போனில், "ரத்தம் கம்மியா இருக்கும்டி, அங்க முருங்கைக்கீரை கிடைக்குமா?" என்றாள். ரத்தம் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

காலையில் எழும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் காய்ந்து கிடக்கும், உதடு வெடித்திருக்கும். இதை டாக்டரிடம் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இரவெல்லாம் மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டிருக்கிறேன். விழிப்பே தெரியாமல் தூக்கம் துண்டு துண்டாகிறது. அதோடு, ஊரிலிருந்து கொண்டு வந்த சளி மாத்திரையை தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் இருந்தது குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து. அந்த மருந்தே மறுநாள் வரைக்கும் மந்தமாக்கும். பாதி அசதியை நானே விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தபோது அழுகையே வந்தது.

ஆகவே நீங்கள் போடும் மாத்திரையின் அட்டையைத் திருப்பி, உள்ளே என்ன மருந்து என்று முதலில் பாருங்கள். டாக்டர் எனக்கு ஃபெக்ஸோஃபெனடின் என்ற வேறொரு ஒவ்வாமை மாத்திரை கொடுத்தார், தூக்கம் வருவது மிகக் குறைவு. பழச்சாறோடு மட்டும் விழுங்கக் கூடாது, உடம்பில் சரியாகச் சேராது. ஆனால் என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். இரண்டு நாளில் விட்டுவிடாதீர்கள், முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். நான் இப்போதெல்லாம் பிப்ரவரி பிறந்ததுமே தொடங்கிவிடுகிறேன்.

வீட்டில் செய்வது கொஞ்சம்தான். பால்கனியில் துணி காயப்போடுவதில்லை. மழை விட்ட மறுநாள் வெயிலும் காற்றும் சேர்ந்தால் மோசமான நாள், அன்று ஜன்னலைத் திறப்பதில்லை. அந்த மாதிரி ஒரு நாளில் என் கறுப்பு சைக்கிள் சீட்டில் விரலால் கோடு போட்டால் மஞ்சளாக ஒட்டும். அதேதான் தலைமுடியிலும் இருக்கும் என்பதால் இரவில் குளித்து, தலையை அலசாமல் தலையணையில் சாய மாட்டேன். கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்டு மூக்கைக் கழுவுவதும் உண்டு.

இளைப்போ மூச்சில் விசில் சத்தமோ இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். சீசன் முடிந்தும் அசதி போகவில்லை என்றால் தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது.

சுகி மகரந்தத்துக்கு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க, நாக்குக்கு அடியில் வைக்கும் சுகி மாத்திரையும் இங்கே இருக்கிறது. ஒரு நிமிடம் வைத்திருந்து விழுங்க வேண்டும். தினமும், மூன்று வருடமாவது. எனக்கு இது மூன்றாவது வருடம், இந்த மார்ச்சில் ஸ்பிரேயே பாதி நாள்தான் தேவைப்பட்டது. மகரந்தம் பறக்கும்போது இதை ஆரம்பிக்க மாட்டார்கள், அதனால் இப்போதே ஜூனுக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்துவிடுங்கள்.