பாளையங்கோட்டையில் ஃபுட்பால் லில்லி ஏன் மறு வருஷம் அழுகிவிடுகிறது? வெயில்தான் காரணமா?

முதல் வருஷம் அழகாகப் பூத்த கிழங்கு மறு சித்திரையில் முளைக்கவே இல்லை, தோண்டினால் கூழாகிக் கிடந்தது என்கிறீர்கள். நம்ம ஊர் வெயிலின் மேல் பழி போட வேண்டாம். அதைக் கெடுத்தது ஐப்பசி மழை.

ஃபுட்பால் லில்லியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மர நிழலில் வளரும் கிழங்குச் செடி. கோடை மழை பட்டதும் பூத்து, அடுத்த சில மாதங்கள் இலையோடு நின்று கிழங்கைப் பெருக்கிக்கொண்டு, அப்புறம் இலையை உதிர்த்துவிட்டுக் காய்ந்த மண்ணுக்குள் உறங்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரல் அதன் இலைப் பருவத்துக்குச் சரியாக வந்து சேர்கிறது. பாளையங்கோட்டையில் அந்த மாதங்களில் காற்றுதான் வீசும். நமக்கு மழை வருவதோ ஐப்பசி, கார்த்திகையில், இலை பழுத்து அது உறங்கப் போகிற நேரத்தில். உறங்கும் கிழங்குக்கு நீர் உறிஞ்சும் வேலை இல்லை, ஈரத்தில் ஊறி அழுகுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் தரையில் நட்டவை அத்தனையும் போயின. திண்ணையில் ஏற்றி வைத்திருந்த தொட்டிகள் அடுத்த சித்திரையில் பூத்தன.

அதனால் தொட்டிதான் நல்லது. இலை மஞ்சளானதும் தொட்டியோடு தூக்கி மழை படாத இடத்தில் வைத்துவிடுங்கள். பங்குனி வரை தண்ணீர் வேண்டாம். பங்குனிக் கடைசியில் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, முளை தெரிந்த பிறகு மறுபடி ஊற்றலாம். சித்திரை, வைகாசியில் பூ வரும். ஒரு கிழங்குக்கு வருஷத்தில் ஒரே ஒரு பூங்கொத்துதான், ஆனால் அந்த ஒரு செம்பந்தில் இருநூறு சின்னப் பூக்கள் வரை இருக்கும். அதற்காகவே இந்தப் பாடு படலாம்!

பலரும் பூ வாடியதும் செடியை மறந்துவிடுகிறார்கள். இலை நிற்கும் மாதங்கள்தான் முக்கியம், அடுத்த வருஷப் பூவுக்குச் சேமிப்பு அப்போதுதான் நடக்கிறது. ஆனி முதல் புரட்டாசி வரை மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை ஒரு கை மண்புழு உரம் போடுங்கள். காலை வெயில் படலாம், உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். வேம்போ கொய்யாவோ இருந்தால் அதன் அடியில் வையுங்கள்.

மண் கலவைக்குச் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் போதும். கரிசல் மண் வேண்டாம், நீர் வடியாது. கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் இருக்கட்டும். வருஷா வருஷம் மாற்றி நடாதீர்கள், வேர் கலைந்தால் அந்த வருஷம் பூக்காமலே போகலாம்.

இன்னொன்று, கிழங்கு விஷமுள்ளது. பார்க்கப் பல்லாரி வெங்காயம் போலவே இருக்கும், எடுத்து வைத்தால் அடுக்களைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆடு, நாய் வாய் வைக்காத உயரத்தில் தொட்டியை வையுங்கள்.