இங்கிலாந்து கால்பந்தில் இளம் டிஃபெண்டர்களை (தடுப்பு வீரர்களை) ஏன் ‘லோனில்’ அனுப்புகிறார்கள்?

லோன் என்றால் ஒப்பந்தம் சொந்த கிளப்பிடமே இருக்க, ஒரு சீசனோ அரை சீசனோ வேறு கிளப்புக்குப் போய் ஆடுவது.

முன்கள வீரர் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். டிஃபெண்டர் ஒரு நொடி அசந்தால் கோல். பந்து மைதானத்தின் ஓரத்திலிருந்து உயரே வருகிறது, எதிராளி முதுகுக்குப் பின்னால் நழுவுகிறான், எதைப் பார்ப்பது? இது மைதானத்தில் அடிபட்டுத்தான் வரும். பெரிய கிளப்போ அந்த அடியைத் தாங்கத் தயங்கும், அதனால்தான் லோன்.

ஷெஃபீல்டில் பிறந்த டிஃபெண்டர் கைல் வாக்கரைப் பாருங்கள். ஷெஃபீல்டு யுனைடெடில் இருந்தபோது முதல் லோன் நார்தாம்ப்டனுக்கு. 2009-ல் டாட்டன்ஹாம் வாங்கியதும் பழைய ஷெஃபீல்டு யுனைடெடுக்கே லோன், அப்புறம் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், ஆஸ்டன் வில்லா. இத்தனைக்கும் பிறகுதான் டாட்டன்ஹாமில் நிலையான இடம். 2017-ல் மான்செஸ்டர் சிட்டி, அங்கே இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகில் 6 பட்டங்கள். எனக்கு மிகவும் பிடித்த வளர்ச்சி இது.

மேஸ்திரி தன் கையாளைப் பக்கத்து ஊர் வேலைக்கு அனுப்புவது போலத்தான். கரண்டி பிடிக்கும் பழக்கம் அங்கே வரும், ஆள் இவருடையவரே.

லோனில் போனால் கிளப் கைவிட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வாக்கர் விஷயத்தில் அது அவரைத் தயார்படுத்திய வழி.