நகர நடுவில் தீயணைப்பு நிலையம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

யாழ் நகர நடுவில் புதிதாக ஒரு தீயணைப்பு நிலையம் கட்டுவதென்றால் எங்கே, எப்படி, யாருடைய காசில் என்று கனபேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் உள்ளூராட்சிக் கட்டட வேலைகளில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். இரண்டு தீயணைப்பு நிலையங்களுக்கு வரைபடத்தில் இருந்து சாவி கொடுக்கும் வரை கூட நின்றிருக்கிறேன். அதில் ஒன்றில் நல்ல பிழை ஒன்று விட்டேன், அதையும் கீழே சொல்கிறேன்.

கேள்வி (அரியாலையில் இருந்து ஒருவர்): நகருக்குள் காணி என்ன விலை என்று தெரியும்தானே ஐயா? வெளியே மலிவாக ஒரு வயல்கரைக் காணியை எடுத்துப் பெரிதாகக் கட்டினால் என்ன?

பதில்: காணியின் விலையைப் பரப்புக் கணக்கில் பார்க்கிறீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு அதை நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தரநிலை ஒன்று இருக்கிறது. மணி அடித்து 80 விநாடிக்குள் உடுப்பு மாட்டி வாகனம் வெளிக்கிட வேண்டும், அடுத்த 240 விநாடிக்குள் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் அமெரிக்கா இல்லை, சரி. ஆனால் நெருப்புக்கு அது தெரியாது. அங்கே அறைகளை எரித்துப் பார்த்த சோதனைகளில், பழைய மரத் தளபாடம் போட்ட அறை முழுதாகப் பற்ற அரை மணித்தியாலம் அளவு எடுத்தது. இன்றைய பஞ்சு மெத்தை, பிளாஸ்ரிக் சாமான் உள்ள அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றியது.

இப்போது எங்கள் றோட்டுக்கு வாருங்கள். ஆஸ்பத்திரி வீதியில் காலை எட்டு மணிக்கு ஒரு பாரமான வாகனம் சராசரி மணிக்கு 30 கிலோமீற்றர் ஓடினால் அது பெரிய சாதனை. அந்த வேகத்தில் நாலு நிமிடத்துக்கு இரண்டு கிலோமீற்றர்தான். எனவே மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருந்து ஒரு இரண்டு கிலோமீற்றர் வட்டம் போட்டு, அதற்குள் காணி தேடுங்கள். பெரியகடை, கஸ்தூரியார் வீதி, பஸ் நிலையம், போதனா வைத்தியசாலை எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும்.

வட்டம் மட்டும் போதாது. புகையிரதக் கடவை பூட்டியிருந்தால் எந்தப் பக்கத்தால் சுற்றுவது? நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகள் அடைபடும்போது எது வழி? இதையெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளில் ஓடிப் பார்த்து, நேரம் குறித்து, அதற்குப் பிறகு காணியைத் தெரிவு செய்ய வேண்டும். கந்தோரில் இருந்து வரைபடத்தைப் பார்த்துத் தெரிவு செய்தால் அழகான காணி வரும், வாகனம் வராது.

கேள்வி (கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருப்பவர்): ஆதன வரியை ஜனவரி 31 க்கு முதலே கட்டி 10 சதவீதக் கழிவு எடுக்கிற ஆள் நான். இந்த நிலையத்துக்கு என்று இன்னும் வரி ஏற்றுவார்களா?

பதில்: முதலில் உங்களுக்கு ஒரு கும்பிடு. எல்லாரும் உங்களைப் போல் கட்டினால் இந்தக் கேள்வியே வராது.

கட்டடக் காசும் நடத்துகிற காசும் வேறு வேறு. கட்டடத்துக்கு மாகாண நிதி, மத்திய அமைச்சு, உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம், வெளிநாட்டு உதவி என்று நாலு கதவு தட்டலாம். ஒருமுறை செலவு, முடிந்துவிடும். நடத்துகிற செலவு அப்படியில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒரு ஆள் வேலை செய்வது 45 மணித்தியாலம் அளவு. லீவு, சுகவீனம், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஒரு இருக்கையை இரவு பகலாக நிரப்ப நாலரை ஆள் வேண்டும். ஒரு வாகனத்தில் ஆறு பேர் போவதென்றால் 27 பேர். இரண்டு வாகனம் என்றால் 54. சாரதிக்குத் தனிப் பயிற்சி, பம்ப் இயக்குகிறவருக்குத் தனிப் பயிற்சி.

இந்த ஆட்களை மாநகர சபை நினைத்தவுடன் எடுக்கவும் முடியாது. நிரந்தர ஆளணிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வராமல் கட்டடம் எழும்பினால், நாடா வெட்டின அடுத்த மாதம் அங்கே ஒரு காவலாளியும் இரண்டு நாயும்தான் நிற்கும்.

உங்கள் வரி ஏறுமா என்றால், நடத்துகிற செலவில் ஒரு பங்கு கடைசியில் வரியிலும் உரிமக் கட்டணத்திலும்தான் வந்து நிற்கும். ஏறாது என்று யாராவது மேடையில் சொன்னால், நிலையம் திறந்து ஆறாவது வருடம் யார் சம்பளம் கொடுப்பது என்று திருப்பிக் கேளுங்கள். சபையில் காசுக் கதை லேசான கதையில்லை. 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்று மாநகர முதல்வரின் பதவியே போனதை நாங்கள் பார்த்தவர்கள்தானே.

கேள்வி (ரொறன்ரோவில் இருந்து, ஊர் குருநகர்): நாங்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரு தீயணைப்பு வாகனம் வாங்கி அனுப்பலாமா அண்ணை? பழையது, நல்ல நிலையில் உள்ளது, குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

பதில்: மனசு பெரிது. ஆனால் கப்பலில் ஏற்ற முதல் மூன்று விஷயம் பாருங்கள்.

குழாயை இணைக்கிற மூட்டு எந்த மாதிரி? எங்களிடம் புழங்குவது ஆங்கிலேயர் விட்டுப்போன வகை: இரண்டரை அங்குலம், தள்ளினால் 'டக்' என்று பூட்டும், இரண்டு பக்கக் காதையும் இழுத்தால் கழரும். ஜப்பான் வாகனத்தில் வேறு மூட்டு வரும். வட அமெரிக்க வாகனத்தில் புரி போட்டுத் திருகுகிற மூட்டு. நெருப்புக்கு முன்னால் நின்று இரண்டு குழாயையும் கையில் வைத்துக்கொண்டு பொருந்தவில்லையே என்று முழிப்பதைப் போல் ஒரு கொடுமை இல்லை. இடைமூட்டு வாங்கலாம். ஆனால் அதை வாகனத்தோடு சேர்த்து அனுப்ப ஒருவருக்கும் ஞாபகம் வராது.

இரண்டாவது, கனடாவில் ஸ்ரியறிங் இடப்பக்கம். பதிவு, வரி எல்லாம் பெரிய அலைச்சல். மூன்றாவது, பம்பின் ஒரு வளையம் தேய்ந்தால் அது எங்கே கிடைக்கும்?

என்னைக் கேட்டால், சங்கக் காசில் மூச்சுக்கருவி, உடுப்பு, குழாய், பயிற்சிச் செலவு கொடுங்கள். படத்துக்கு நின்று சிரிக்க வாகனம் மாதிரி வராது, அது உண்மைதான்.

கட்டடம் நன்கொடையாக வந்தாலும் இதே கதை. யாழ்ப்பாணப் பண்பாட்டு மையத்தைப் பாருங்கள். 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் எழும்பிய அருமையான கட்டடம். கட்டி முடிந்த பிறகு பெரிய கேள்வியாக வந்தது அதன் பராமரிப்புச் செலவை மாநகர சபை தனியே தாங்குமா என்பதுதான்.

கேள்வி (கட்டடக்கலை படிக்கிற மாணவி, திருநெல்வேலி): நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம் போல இந்தக் கட்டடமும் யாழ்ப்பாணத்தின் அடையாளமாக இருக்க வேண்டாமா? வெறும் பெட்டி மாதிரிக் கட்டினால் ஒரு மாதிரி இருக்குமே ஐயா.

பதில்: இருக்கட்டும் பிள்ளை, அழகாகவே இருக்கட்டும். ஆனால் முதலில் வாகனத்தை வரைந்து, அதைச் சுற்றிக் கட்டடத்தை வரையுங்கள்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். ஊரைச் சொல்ல மாட்டேன். வாகனத்தின் பிரசுரத்தில் இருந்த உயரத்தைப் பார்த்து, ஒரு அடி கூட்டி, வாசலை வைத்தோம். வாகனம் வந்தது. கூரையில் ஏணி, அதன்மேல் ஏணியைத் தாங்குகிற சட்டம், அதற்கும் மேலே மின்னும் விளக்கு. சாரதி மெதுவாக உள்ளே எடுத்தார். 'கிரீச்' என்று ஒரு சத்தம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு நிலத்தை நாலு அங்குலம் வெட்டி இறக்கினோம். அதனால் மழைக்குத் தண்ணீர் உள்ளே ஓடியது. ஒரு பிழை இன்னொரு பிழையைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

வாசலுக்கும் றோட்டுக்கும் இடையில் வாகனத்தின் முழு நீளத்துக்கும் கூடுதலான முற்றம் விடுங்கள். முடியுமானால் பின்பக்கத்தால் உள்ளே வந்து முன்பக்கத்தால் வெளியே போகிற மாதிரி வையுங்கள். பரபரப்பான வீதியில் பின்பக்கமாக ஓட்டி உள்ளே விடுவதில்தான் இடிபடும். நிலம் தண்ணீர் நிரம்பிய வாகனத்தைத் தாங்க வேண்டும். 4,000 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டுமே நாலு தொன்.

அப்புறம், ஆட்கள் படுக்கிற அறையும் வாகனம் நிற்கிற இடமும் ஒரே காற்றைக் குடிக்கக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் புகையையும், 2022 இல் தீயணைப்பு வேலையையுமே புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான பட்டியலில் சேர்த்துவிட்டது. நெருப்பில் நின்ற உடுப்போடு குசினிக்குள் போகாதபடி, வந்தவுடன் கழற்றி, கழுவி, குளித்து, அதற்குப் பிறகுதான் உள்ளே போகிற மாதிரி வழியை வையுங்கள். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தானே வீட்டுக்குள் போகிறோம்? அதே ஒழுங்குதான். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு.

அடையாளம் வேண்டுமென்றால் கோபுரத்தில் காட்டுங்கள். நனைந்த குழாயைத் தொங்கவிட்டுக் காயவைக்கவும், மாடிக் கட்டடத்தில் ஏறிப் பழகவும் ஒரு கோபுரம் எப்படியும் தேவை. அதன் தலையில் நீங்கள் என்ன சிற்பம் வைத்தாலும் நான் கேட்க மாட்டேன்.

கேள்வி (பத்து வயது மகனுக்காக ஒரு அம்மா, கொய்யாத்தோட்டம்): சறுக்கி இறங்குகிற கம்பி வைப்பார்களா?

பதில்: 1878 இல் சிக்காகோவில் ஒரு தீயணைப்பு வீரர் கண்டுபிடித்தது அது. விழுந்து கால் முறிந்தவர்களும் உண்டு. படுக்கையறையைக் கீழேயே வைத்தால் கம்பியே தேவையில்லை. தம்பிக்குக் கவலையாக இருக்கும், மன்னிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கொக்குவிலில் இருந்து ஒருவர்): வாகனம் வந்தாலும் தண்ணீர் முடிந்து நிற்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆறு குளம் இல்லாத ஊரில் தண்ணீருக்கு என்ன செய்வது?

பதில்: இதுதான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி. கட்டடத்தைப் பற்றி நாற்பது பேர் கேட்டால் தண்ணீரைப் பற்றி ஒருவர் கேட்கிறார்.

ஒரு குழாயால் நிமிடத்துக்கு 400 லீற்றர் போகிறது என்று வையுங்கள். 4,000 லீற்றர் தொட்டி பத்து நிமிடம். இரண்டு குழாய் பிடித்தால் ஐந்து நிமிடம். அதற்குள் தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வந்து நிற்காவிட்டால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆட்கள் 'தண்ணி இல்லாமல் வந்திட்டாங்கள்' என்று ஏசுவார்கள். உண்மையில் தண்ணீரோடுதான் வந்திருப்பார்கள்.

கிணறு இருக்கிறதே என்பீர்கள். கிணறு வளவுக்குள், வாகனம் ஒழுங்கைக்கு வெளியே. பம்பால் உறிஞ்சக்கூடிய ஆழம் நடைமுறையில் ஏழு மீற்றர் அளவுதான். அது வளிமண்டல அழுத்தத்தின் கணக்கு, எவ்வளவு விலையான பம்ப் வாங்கினாலும் மாறாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது கை விரித்துவிடும். நகருக்குள் புல்லுக்குளமும் ஆரியகுளமும் இருக்கின்றன. அவற்றின் கரையில் வாகனம் வந்து நிற்க ஒரு கொங்கிறீற் மேடையும், நிரந்தரமாக இறக்கிவைத்த உறிஞ்சு குழாயும் போட்டால், ஒரு புதிய வாகனத்தின் விலையில் சிறு துண்டுதான் செலவு. கடல்நீரையும் அவசரத்துக்கு எடுக்கலாம், ஆனால் அன்றைக்கே நன்னீரால் பம்பைக் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. அந்தத் தண்ணீரைக் கொண்டுவரப் புதுக் குழாய் போகிற வீதிகளில் தீயணைப்புக்கான வாய்களும் வைக்கப்படுகின்றனவா, அவற்றில் அழுத்தம் எவ்வளவு என்று ஒவ்வொரு வட்டார உறுப்பினரும் கேட்க வேண்டும். றோட்டை மூடிய பிறகு கேட்டு என்ன பலன்?

கேள்வி (நல்லூர்ப் பிரதேச சபை எல்லைக்குள் வசிப்பவர்): நாங்கள் மாநகர சபைக்கு வரி கட்டுவதில்லை. எங்கள் வீடு எரிந்தால் வருவார்களா?

பதில்: வருவார்கள். எங்கள் ஆட்கள் எல்லை பார்த்து நின்றதில்லை. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது இங்கேயிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடினார்கள். அவ்வளவு தூரம் ஓடிப் போய்ச் சேர்ந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் நியாயமான ஒரு கணக்கு இருக்கிறது. மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள்: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, 13 பிரதேச சபை. நிலையத்தை நகரம் கட்டி, நகரத்து வரியில் நடத்தி, சுற்றியுள்ள சபைகள் தேவைக்குக் கூப்பிடுவது அதிக நாள் ஓடாது. வருடத்துக்கு இவ்வளவு என்று அயல் சபைகள் ஒப்பந்தம் எழுதிப் பங்கு தர வேண்டும். வீடு எரிந்தவரிடம் எரிந்த அன்றைக்கே பில் நீட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி (வைத்தியசாலைக்குக் கிட்ட இருப்பவர்): இரவில் சைரன் சத்தம்?

பதில்: இரவில் வீதி வெறுமை. விளக்கை மட்டும் போட்டு வெளிக்கிடச் சொல்லலாம், சந்தியில் மட்டும் ஒலிக்கலாம். உங்கள் பக்கத்துக் கலியாண மண்டபத்து ஒலிபெருக்கியைவிட இது குறைவாகத்தான் கேட்கும்.

கேள்வி (பெயர் சொல்ல விரும்பாதவர்): நிலையம் வரும்போது வரட்டும். அதுவரை சாதாரண ஆட்கள் என்ன செய்வது?

பதில்: இரண்டு வேலை. முதலாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். கடந்த வருடம் வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் மணி அடித்த நேரம், வாகனம் வெளிக்கிட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், அப்போது வாகனத்தில் இருந்த ஆட்களின் தொகை. இந்த நாலும் கையில் இருந்தால் எங்கே கட்டுவது, எத்தனை பேர் வேண்டும் என்ற சண்டையில் பாதி அன்றைக்கே தீரும்.

இரண்டாவது, ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் ஒழுங்கையின் வாய்க்குப் போங்கள். தீயணைப்பு வாகனத்தின் அகலம் இரண்டரை மீற்றர், கண்ணாடியோடு மூன்று என்று வையுங்கள். உயரம் மூன்றரை. கோயில் வளைவு, சாய்ந்து நிற்கிற தந்திக் கம்பம், மதிலுக்கு வெளியே யாரோ கட்டிய படி, தாழத் தொங்குகிற கேபிள் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். எங்கள் ஒழுங்கையில் நானே அளந்தேன். கோயில் வளைவின் உயரம் மூன்று மீற்றர் பத்துச் சென்ரிமீற்றர். திருப்பணிச் சபையில் நானும் ஒரு ஆள், அந்த வளைவுக்குக் காசு சேர்த்ததும் நான்தான். இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கதையை எடுக்கப் போகிறேன், என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.