அடித்து நீக்கிய வரி

மதிப்பிற்குரிய ஐயா,
மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எச்.எஸ்.சி. படிக்கிறேன். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்கும், இயற்பியலாளர் மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் செய்தோம். நான் அளந்த ஏழு துளிகளில் ஐந்து ஒத்துவந்தன. மற்ற இரண்டையும் நீக்கிவிட்டேன். மில்லிகனும் அப்படிச் செய்தவர்தானே, இதில் தவறென்ன? துளியின் ஆரத்தைக் கணக்கிடும் முறையையும் விளக்க வேண்டுகிறேன்.

அன்புள்ள தம்பி,

ஆரக் கணக்கு உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மின்புலம் இல்லாதபோது துளி விழும் வேகத்தை, காற்றின் தடையைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதியில் இட்டுப் பார். நீ நீக்கிய அந்த இரண்டு துளிகளைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, கியூர்பீப்பில் தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கல்லூரி ஆய்வக நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து ஒரே துளியை அரை மணி நேரம் பார்த்திருந்தேன். இருட்டில் விண்மீன்போல மின்னிய அது, மின்புலம் இழுக்க, அளவுகோலின் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஒவ்வொரு முறையும் பதினொரு வினாடியில் ஏறியது. நான்காம் முறை ஆறே வினாடியில் ஏறிவிட்டது. கடிகாரத்தைத் தவறாக அழுத்திவிட்டேன் என்று எண்ணி அந்த வரியை அடித்தேன், ஆசிரியரும் தலையசைத்தார். துளி காற்றிலிருந்த, மின்னூட்டம் கொண்ட ஓர் அயனியைப் பற்றிக்கொண்டதால்தான் வேகம் தாவியது என்பதும், அத்தாவல்கள் எப்போதும் ஒரே சிற்றளவின் முழு மடங்குகளாக அமைவதுதான் மின்னூட்டம் துண்டு துண்டாக இருப்பதற்குச் சான்று என்பதும் பல மாதங்கள் கழித்தே எனக்கு விளங்கின. எதைக் காண அமர்ந்தேனோ அதையே என் கையால் அடித்திருந்தேன். இன்றும் அந்தக் கோடு என் நெஞ்சில் உறுத்துகிறது.

மில்லிகனைத் துணைக்கு அழைக்காதே. 1913-இல் வெளியான கட்டுரையில் 58 துளிகளின் அளவீடுகளைத் தந்து, அவை தேர்ந்தெடுத்தவை அல்ல, தொடர்ந்து 60 நாட்கள் சோதித்த துளிகள் அனைத்தும் அவையே என்று எழுதினார். அவருடைய குறிப்பேடுகளிலோ அதே காலத்தில் அளந்து வெளியிடாத துளிகளும் இருக்கின்றன. சிலவற்றை நீக்க நல்ல காரணம் இருந்திருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும், வெப்பநிலை மாறும். காரணத்தை எழுதிவிட்டு நீக்கியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விடுபட்ட துளிகளையும் சேர்த்துப் பிற்காலத்தில் கணக்கிட்டபோது விடை ஏறக்குறைய மாறவே இல்லை என்பதுதான் வேதனை. எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு அவர் கண்ட மதிப்பு 1.592 × 10⁻¹⁹ கூலும்; இன்றைய மதிப்பு 1.602 × 10⁻¹⁹. காற்றின் பாகியல் எண்ணை, அதாவது துளியைக் காற்று தடுக்கும் தன்மையின் அளவை, சற்றுக் குறைவாகக் கொண்டதால் வந்த குறை அது. துளிகளை எவ்வளவு கழித்தாலும் மறைந்திருக்காது.

ஒத்துவராததைக் கண்டதும் அழிப்பானைத் தேடும் இந்தப் பழக்கத்தை இந்த வயதிலேயே விட்டுவிடு, தம்பி. நீ அடித்த கோட்டுக்கு அடியில் எண்களை இன்னும் படிக்க முடிகிறதா என்று பார். முடிந்தால், எந்த ஓட்டத்தில் வேகம் மாறியது என்று குறித்து, இரண்டு துளிகளின் நேரங்களையும் அப்படியே எனக்கு அனுப்பு.