லை, லே, லெய்டு: கிடந்ததும் கிடத்தியதும்

ஆங்கிலத்தில் 'லை', 'லே' என்று இரண்டு வினைச்சொற்கள் உண்டு. ஒன்று படுப்பது, இன்னொன்று வைப்பது. இவற்றின் இறந்தகாலத்தைப் பற்றி ஒருவர் கேட்கப் போய், பின்னாலேயே வரிசையாகக் கேள்விகள் வந்துவிட்டன. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சார், காய்ச்சலில் நாள் முழுக்கப் படுத்திருந்தேன் என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். 'ஐ லைடு இன் பெட் ஆல் டே' என்று எழுதியிருந்தேன். அவர் சிரிக்கிற பொம்மை மட்டும் அனுப்பினார். என்ன தப்பு?

பதில்: நீங்கள் எழுதியதற்கு 'நாள் முழுக்கக் கட்டிலில் இருந்தபடி பொய் சொன்னேன்' என்று அர்த்தம். லீவு மெயிலில் இப்படி ஒரு வாக்குமூலத்தை அந்த மனிதர் எதிர்பார்த்திருக்க மாட்டார். படுப்பதும் லை, பொய் சொல்வதும் லை, எழுத்தும் அதேதான். பொய் சொல்லும் லை சாது. லை, லைடு, லைடு என்று போய்விடும். படுக்கிற லைதான் லை, லே, லெயின் என்று உருமாறும். 'ஐ லே இன் பெட் ஆல் டே' என்று எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: லே என்பது நிகழ்காலம் ஆச்சே? 'ஹென்ஸ் லே எக்ஸ்' என்றுதானே பள்ளியில் படித்தோம்?

பதில்: முடிச்சு அங்கேதான் விழுகிறது. கோழி முட்டையிடும் லே தனி வினை. லே, லெய்டு, லெய்டு என்று போகும். படுக்கிற லையின் இறந்தகாலமும், முட்டையிடுகிற லேயின் நிகழ்காலமும் ஒரே வடிவத்தில் வந்து மோதுகின்றன. இங்கிலீஷ்காரர்களே தடுமாறும் இடம் இது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. எட்டாம் வகுப்பில் தன்வினை, பிறவினை என்று நெட்டுருப் போட்டோமே, அதேதான். குழந்தை தொட்டிலில் கிடந்தது, அது லை. அம்மா குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள், அது லே. கிட என்பதிலிருந்து கிடத்து பிறந்த மாதிரி லையின் பிறவினையாகப் பிறந்ததுதான் லே. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அவை லிஜ்ஜன், லெஜ்ஜன் என்று இருந்தன. அப்போதே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். இப்படி இன்னும் சில ஜோடிகள் மிச்சம் இருக்கின்றன. சிட் உட்காருவது, செட் வைப்பது. ஃபால் விழுவது, ஃபெல் மரத்தை வெட்டிச் சாய்ப்பது. டிரிங்க் என்பதன் பிறவினைதான் டிரெஞ்ச், அதாவது முதலில் 'குடிக்க வைப்பது'. இன்றைக்கு மழையில் தொப்பலாக நனைந்தவருக்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கேள்வி: பரீட்சைக்கு ஒரு குறுக்குவழி சொல்லுங்கள் டீச்சர்.

பதில்: டீச்சர் இல்லை, சார்! பரவாயில்லை. வினையைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் லே, லெய்டு. கிடைக்காவிட்டால் லை, லே. புத்தகத்தை மேசைமேல் வைத்தாள், எதை வைத்தாள் என்று கேட்கலாம், எனவே லெய்டு. பூனை பாயில் படுத்தது, எதைப் படுத்தது என்று கேட்கவே முடியாது, எனவே லே.

கேள்வி: லெய்டு என்பதை எல்-ஏ-ஒய்-இ-டி என்று எழுதலாமா? வேலை போன நண்பன் 'லே ஆஃப்' பற்றி அப்படித்தான் எழுதியிருந்தான்.

பதில்: கூடாது. எல்-ஏ-ஐ-டி. பே, பெய்டு மாதிரி. நண்பருக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் 'ஃபவுண்டேஷன் ஸ்டோன் லெய்டு பை' என்று ஒரு மந்திரி பெயர் இருக்கிறது. சரிதானா?

பதில்: சரிதான். கல்லை நாட்டினார், எதை என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டிருந்ததைச் சொல்லும்போது 'ஷி லே இன் ஸ்டேட்'. தமிழில் 'வைக்கப்பட்டிருந்தது' என்கிறோம், ஆங்கிலம் அதைக் கிடப்பதாகவே பார்க்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குவார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் நாயைப் பார்த்து 'லே டவுன்' என்கிறான். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். அவன் தப்பா, நீங்கள் தப்பா?

பதில்: இரண்டு பேருமே தப்பில்லை அம்மா. படுப்பதற்கு லே என்று சொல்லும் வழக்கம் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. சுமார் 1770 வரை யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம்தான் இலக்கணக்காரர்கள் பிரம்பை எடுத்தார்கள். பேச்சில் அது போகட்டும் என்பது என் கட்சி. நாயும் புரிந்துகொண்டு படுத்துவிடுகிறது. விடைத்தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் மட்டும் 'லை டவுன்' என்றே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: லெயின் என்று ஒருவர் பேசி நான் கேட்டதே இல்லை.

பதில்: நானும் அபூர்வமாகத்தான். 'த லெட்டர் ஹேட் லெயின் இன் த டிராயர்' என்று கதைகளில் வரும். பேசும்போது பலர் 'ஹேட் பீன் லையிங்' என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

கேள்வி: நல்ல வேளை, தமிழில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

பதில்: அப்படியா? படு என்ற சொல்லை எடுங்கள். பாயில் படுத்தான், ஆனால் கஷ்டப்பட்டான். ஒரே படுவுக்கு இரண்டு இறந்தகாலம். தமிழ் கற்கிற வெளிநாட்டுக்காரர் 'ரொம்பக் கஷ்டப்படுத்தேன்' என்றால் நாம் வாய்விட்டுச் சிரிப்போம், உங்கள் மேனேஜரைப் போல.

கேள்வி: அந்த மெயில் ஆசாமி மறுபடியும் வந்திருக்கிறேன் சார். அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் என்ன எழுதட்டும்?

பதில்: 'ஐ வாஸ் இன் பெட் ஆல் டே.' லையும் வேண்டாம், லேயும் வேண்டாம்.