பாட்டிமார் பாட்டு, போர்க்கால மேடை: உக்ரைன் இசை பற்றிய கேள்விகளுக்குப் பதில்

உக்ரைனின் நாட்டுப்புறக் கலப்பிசையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: கிராமியப் பாட்டோடு ராப்பையும் எலெக்ட்ரானிக் இசையையும் கலப்பது 2022-இல் ரஷ்யா படையெடுத்த பிறகு வந்த மோகம்தானே?

இல்லை. டாகாபிராகா குழு 2004-லேயே கீவ் நகரின் ஒரு நாடக அரங்கில் பிறந்துவிட்டது. மூன்று பெண்கள், ஓர் ஆண், தலையில் உயரமான கம்பளித் தொப்பி. கிராமத்துப் பாட்டுக்கு அடியில் செல்லோவும் அக்கார்டியனும் ஆப்பிரிக்க மேளமும் ஓடும்.

கேள்வி: ‘ஸ்டெஃபானியா’ அம்மாவைப் பற்றிய பாட்டு. அது எப்படிப் போர்ப்பாட்டானது?

கலுஷ் ஆர்கெஸ்ட்ரா என்ற ராப் குழுவின் பாடகர் ஓலே ப்ஸியூக் தன் அம்மாவுக்காக எழுதியது அது, படையெடுப்புக்கு முன்பே. சாலையெல்லாம் உடைந்து கிடந்தாலும் உன்னிடம் நடந்து வருவேன் என்று மகன் சொல்கிற இடம் ஒன்று வரும். ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு உக்ரைனில் சாலைகள் நிஜமாகவே உடைந்தன. எத்தனையோ பிள்ளைகள் அம்மாவை விட்டு எல்லை தாண்டினார்கள். ஒரு சொல்கூட மாறவில்லை. கேட்டவர்களுக்கு அம்மா என்பது தாய்நாடாகிவிட்டது. அந்த மே மாதம் இத்தாலியின் டூரினில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் 631 புள்ளிகளோடு வென்றது. பாடி முடித்த கையோடு ப்ஸியூக், ரஷ்யப் படை சூழ்ந்த மரியுபோல் நகரில் அசோவ்ஸ்டால் இரும்பாலைக்குள் சிக்கியிருந்தவர்களைக் காப்பாற்றச் சொல்லி மேடையிலேயே மன்றாடினார். அப்புறம் கோப்பையை ஏலத்தில் விட்டு, வந்த 9 லட்சம் டாலரை ராணுவ ட்ரோன்களுக்குக் கொடுத்தார்கள்.

கேள்வி: இந்தப் பாட்டுகளில் பெண்கள் ஏன் கத்துவது போலப் பாடுகிறார்கள்?

அதை ‘வெள்ளைக் குரல்’ என்பார்கள். தொண்டையைத் திறந்து, நெஞ்சிலிருந்து எழுப்புவது. வயல்வெளியில் பாடிப் பழகிய குரல் அது. உக்ரைனின் கோ-ஏ குழுவின் ‘ஷும்’ கேளுங்கள், வசந்தத்தை அழைக்கும் பழைய பாட்டு. 2021 யூரோவிஷனில் 5-ஆம் இடம்.

கேள்வி: குண்டு விழும் ஊரில் பாட்டு எதற்கு?

இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். 1876-இல் ரஷ்யப் பேரரசு உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடவும் நாடகம் போடவும் தடை போட்டது. இசைத்தாளில் பாடல்வரி அச்சிடக்கூட அனுமதி இல்லை. பந்தூரா என்ற நரம்பிசைக் கருவியின் மேதை ஹ்னாத் கோட்கேவிச்சை 1938-இல் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. 2021-இல் புதின், ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள்தான் என்று நீளமாகக் கட்டுரை எழுதினார். நீங்கள் தனி மக்களே இல்லை என்று சொல்கிறவர்களிடம் பாட்டி பாடிய பாட்டை அவள் குரலிலேயே பாடிக்காட்டுவது எவ்வளவு பெரிய பதில்!

ரஷ்யா பிடித்த இடங்களில் அந்தப் பதிலுக்குத் தண்டனையும் உண்டு. ‘செர்வோனா கலினா’ 1914 காலத்துப் படைவீரர் பாட்டு. ரஷ்யா பிடித்து வைத்திருக்கும் கிரிமியாவில், பக்சிசராய் ஊரின் கல்யாண விருந்து ஒன்றில் 2022 செப்டம்பரில் அதைப் போட்டார்கள். அதற்காகச் சிலரைச் சிறையில் வைத்தார்கள், சிலருக்கு அபராதம்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

அதே ‘செர்வோனா கலினா’வை 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைனின் பூம்பாக்ஸ் குழுவின் ஆண்ட்ரி க்ளிவ்னியுக் பாடிய வீடியோவில். கீவின் சோஃபியா சதுக்கம், ராணுவ உடை, தோளில் துப்பாக்கி, பக்கவாத்தியமே கிடையாது. சில வாரத்தில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு அந்தக் குரலை அப்படியே எடுத்து இசை சேர்த்து வெளியிட்டது.

அடுத்து ‘ஷும்’, ‘ஸ்டெஃபானியா’ இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ராப்பை விட்டுவிட்டு, குழல் எங்கே நுழைகிறது என்று கவனியுங்கள். இரண்டு குழுவிலும் குழல் ஊதிய ஒருவர் உண்டு, இஹோர் டிடென்சுக்.